பித்தளைச் சிறுபொருட்களை உலர்முறையில் மெருகேற்றுதல்: எந்தத் துகளைத் தெரிவு செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் படகுச் சாமான்கள், தூக்குவிளக்குப் பாகங்கள், சதங்கை மணிகள், பழைய கதவுகளின் கீல்கள் எனப் பித்தளையில் செய்த சிறுபொருட்களைக் கையால் தேய்த்துச் சலித்துப்போனவர்கள், அவற்றை உலர்ந்த துகளோடு இயந்திரத் தொட்டியில் இட்டு உருட்டும் முறையைப் பற்றி எங்களிடம் விசாரிப்பதுண்டு. இயந்திரத்தை வாங்குவதைவிட அதற்குள் எதைப் போடுவது என்பதைத் தீர்மானிப்பதே கடினமாக இருக்கிறது. கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் அதைப் பற்றியவை.

உலர்முறை உருட்டல் எவ்வாறு வேலை செய்கிறது?

தொட்டி அதிரும்போதோ சுழலும்போதோ, உள்ளே நிரப்பிய துகள்கள் பித்தளையின் மேற்பரப்பில் இடைவிடாது உராய்ந்து, அதன் மேல் படிந்த கறுப்புப் படலத்தையும் புகைக்கறையையும் சிறிது சிறிதாகக் கழற்றித் தம்மீது ஏற்றிக்கொள்கின்றன. தண்ணீரும் இல்லை, அமிலமும் இல்லை. ஆகவே பொருளின் நிறம் திடீரென மாறுவதில்லை. விளிம்புகளும் எழுத்துகளும் உடனே தேய்ந்துபோவதில்லை.

இந்த முறை அதிகம் பரவியது அமெரிக்கா போன்ற நாடுகளில், குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைச் சுத்தம் செய்து மீண்டும் நிரப்பும் வழக்கத்தினால்தான். துகள்களைப் பற்றி நாம் வாசிக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதால், அவை ஒரே வடிவான, மெல்லிய சுவருள்ள, அடியில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் துளையுள்ள குழல் ஒன்றை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. ஒரு கீலுக்கோ சதங்கைக்கோ அதை அப்படியே பொருத்த முடியாது.

வால்நட் கோதா, சோளப் பொத்தியா?

உலர்முறையில் நெடுங்காலமாக நிலைத்து நிற்பவை இவை இரண்டுமே. நொறுக்கிய வால்நட் கோது பாரமானது. அதன் விளிம்புகள் கூரானவை. எனவே தடித்த கறுப்பையும் காய்ந்த புகைக்கறையையும் அது விரைவாக எடுக்கும். ஆனால் எடுத்து முடித்த பின்னர் பித்தளை சற்று மங்கிய, மென்பட்டுப் போன்ற தோற்றத்தோடு நிற்கும்.

மணி உதிர்த்த சோளப் பொத்தியை அரைத்துச் சலித்துப் பெறும் துகள் அதைவிட மென்மையானது, ஈரத்தையும் எண்ணெயையும் நன்றாக உறிஞ்சக்கூடியது. மெருகுத் திரவம் சிறிது சேர்த்தால் பளபளப்பைத் தருவது இதுவே. பொத்தியின் நடுவிலுள்ள பஞ்சு போன்ற பகுதியும் வெளிச் சருகும் இதற்கு உதவா. இடையிலுள்ள மரம் போன்ற வளையந்தான் துகளாக வேண்டும். வீட்டில் சோளப் பொத்தியைக் காயவைத்து இடித்துப் பார்ப்பவர்களுக்குத் தூள் மட்டும் கிடைப்பதற்குக் காரணம், அந்தப் பஞ்சும் சருகும் பிரிக்கப்படாமல் சேர்ந்து அரைபடுவதே.

ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்றால் எங்கள் தெரிவு சோளப் பொத்தி. அழுக்கு அதிகமான பொருளுக்கு நேரம் கூடுதலாக எடுக்கும் என்பது உண்மை; ஆனால் அதில் பொருள் கெட்டுப்போவது அரிது. இரண்டும் இருக்குமானால் முதலில் வால்நட், பின்னர் சோளப் பொத்தி என்று தனித்தனியாக ஓட்டுங்கள். இரண்டையும் கலந்து ஓட்டுவோரும் உண்டு, ஆயினும் ஒன்று பழுதடைந்ததும் மற்றதையும் சேர்த்தே வீச வேண்டியிருக்கும்.

பையில் 20/40, 14/20 என்று எழுதியிருப்பதன் பொருள் என்ன?

அது துகளின் பருமன். சல்லடையில் ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் உள்ளன என்பதே அந்த எண். 20/40 என்றால் 20 கண் சல்லடையில் விழுந்து 40 கண் சல்லடையில் தங்கிய துகள், அதாவது 0.85 மில்லிமீற்றருக்கும் 0.42 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டது. 14/20 என்பது 1.4 முதல் 0.85 மில்லிமீற்றர் வரை. வால்நட்டில் காணப்படும் 12/20 இன் பெரிய மணிகள் 1.7 மில்லிமீற்றர் வரை இருக்கும். எண் கூடக்கூடத் துகள் சிறுக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

துகளின் பெயரைவிட இந்த எண்ணையே முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஏனெனில் மெருகு குறைந்தால் இன்னொரு மணி நேரம் ஓட்டலாம்; துளைக்குள் இறுகிய துகளை எடுக்க ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து ஊசியால் குத்த வேண்டும். துளை அகலத்தின் பாதியிலும் சிறிய துகள் உள்ளே போனாலும் வெளியே வந்துவிடும். துளையைவிடத் தெளிவாகப் பெரிய துகள் உள்ளே போகவே போகாது. இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் தொல்லை தருவது. 2 மில்லிமீற்றர் துளைக்கு 14/20 துகள் இறுகும்; 20/40 துகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

சதங்கை மணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் குறுக்காக ஒரு பிளவு, உள்ளே ஓர் இரும்புக் குண்டு. தோல் பட்டையிலிருந்து கழற்றிய மணியைப் பருமனான துகளில் போட்டால், துகள் பிளவின் வழியே நுழைந்து குண்டுக்கும் சுவருக்கும் இடையில் தங்கிவிடும். பளபளப்பாக வெளிவரும் மணி ஒலிக்காது. நுண்ணிய துகளில் ஓட்டி, பிளவு கீழ்நோக்க ஒவ்வொன்றையும் குலுக்கி, பழைய ஓசை திரும்பியதா என்று காதருகே வைத்துக் கேட்டே பட்டையில் கோர்க்க வேண்டும். பிளவை அளக்கக் கருவி இல்லாதவர்கள் தீக்குச்சியை நுழைத்துப் பார்க்கலாம். அதன் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர்.

கடலோரத்துப் பொருட்களை நேரடியாகத் தொட்டியில் போடலாமா?

போடக் கூடாது. வெளிநாட்டு அறிவுரைகளில் அதிகம் பேசப்படாததும், நமக்கு எல்லாவற்றிலும் முக்கியமானதும் இதுவே. உப்புவெளியிலோ கொட்டியாரக் குடாவின் கரையிலோ படகில் கிடந்த பித்தளையின் மேல் உள்ள பச்சைக் களிம்பு வெறும் அழுக்கு அன்று; செம்பும் கடலுப்பின் குளோரைட்டும் சேர்ந்து உண்டானது அது. உலர்ந்த துகள் அந்தப் பச்சையின் மேற்பகுதியை உரசி எடுக்கும். குழிகளுக்குள் தங்கிய உப்பை எடுக்காது. அப்படி மெருகேற்றிய பொருள் சில நாட்களில், காற்றின் ஈரம் பட்டதும், அதே குழிகளில் மீண்டும் பச்சை பூக்கும். தொட்டியிலுள்ள துகளோ அந்த உப்பைத் தூளாக ஏற்றிக்கொண்டு, அடுத்து வரும் சுத்தமான பொருட்களிலும் பூசிவிடும்.

ஆகவே முதலில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைப் பலமுறை மாற்றி, மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். கடற்கரையை அண்டிய கிணறுகள் பலவற்றின் நீர் உவர்ப்பாக இருப்பதால், கடைசிக் கழுவலுக்காவது குழாய் நீரையோ மழைநீரையோ பாவிப்பது நல்லது. பின்னர் துணியால் ஒற்றி, வெயிலில் முழுமையாகக் காயவிட வேண்டும். சுரைகளின் புரிகளுக்குள்ளும் கீலின் அச்சாணிக்குள்ளும் ஈரம் ஒளிந்திருக்கும்.

பழப்புளி, தேசிக்காய், கொறக்காப்புளி போன்றவற்றால் கழுவலாமா என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்தே வரும். கழுவலாம், ஆனால் ஊறவிடக் கூடாது. பித்தளை செம்பும் நாகமும் (துத்தநாகமும்) கலந்த உலோகம். புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் மேற்பரப்பில் செம்பு மேலோங்கி, பொருள் இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பு மெல்லிய படலமாக மட்டும் இருந்தால் உருட்டலில் போய்விடும். கடல் நீரில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த திருகாணியை முறித்துப் பார்த்து உட்புறமும் சிவந்திருந்தால், நாகம் கரைந்து வெளியேறிவிட்டது என்று பொருள். அதை மெருகேற்றிப் பயனில்லை, படகில் திரும்பப் பூட்டுவது ஆபத்து.

இங்கே கிடைக்கும் சிரட்டை, உமி, அரிசி, மரத்தூள் ஆகியவற்றைப் பாவிக்கலாமா?

சிலவற்றைப் பாவிக்கலாம். நொறுக்கிய சிரட்டை வால்நட் கோதின் இடத்தை ஓரளவுக்கு நிரப்பும். தும்பும் தேங்காய்ப்பூவும் சிறிதும் ஒட்டியிராத, நன்கு முற்றிக் காய்ந்த சிரட்டையாக இருத்தல் வேண்டும். தேங்காயின் எண்ணெய்ப் பசை இருந்தால் துகள் கட்டிபடும், நாற்றமெடுக்கும். இடித்ததை வெவ்வேறு கண்ணளவுள்ள இரண்டு அரிதட்டுகளில் சலித்து, பெரிய சில்லுகளையும் மாவையும் நீக்கிய பிறகு எஞ்சும் நடுத்தரமே தேவையானது. ஓர் உரல் நிறைய இடித்தாலும் அந்த நடுத்தரம் குறைவாகவே தேறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

தம்பலகாமத்து ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை. உமியில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் அது பித்தளையை உரசும் என்பது உண்மைதான். பாட்டிமார் உமிக்கரியால் பாத்திரம் விளக்கியதும் அதனால்தான். ஆனால் உமி மிகவும் இலேசானது, அதிரும் தொட்டியில் மேலே மிதந்து நிற்கும். சுழலும் பெட்டியில்தான் அதற்குச் சற்று வேலை உண்டு. தூசு மிக அதிகம்.

அரிசியைப் பயன்படுத்துவோர் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். அது மென்மையாகத் துடைக்கும், மெதுவாக வேலை செய்யும். குறுணல் துளைகளில் இறுகும். மிச்சத்துக்கு எறும்பும் எலியும் வரும். ஒருமுறை தொட்டிக்குள் போன அரிசியை எக்காரணம் கொண்டும் உணவுக்கோ கோழிக்கோ போடக் கூடாது.

மரத்தூள், கழுவிய பொருளின் ஈரத்தை உறிஞ்சுவதற்கு நல்லது. மணிக்கூடு திருத்துவோர் அந்தக் காலத்தில் பொக்ஸ்வூட் (boxwood) என்னும் கடினமரத்தின் தூளை அதற்கென்றே வைத்திருந்தார்கள். மெருகுக்கு அது போதாது. தேக்குப் போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரத்தின் தூளையும், ஈரமான பச்சைத் தூளையும் தவிர்க்கவும். அவை கறை ஏற்றும். கச்சான் (நிலக்கடலை) கோது நொறுங்கித் தூளாகிவிடும் என்பதால் அதைக் கருத வேண்டியதில்லை.

புல்மோட்டை மணலைப் பாவித்தால் என்ன?

வேண்டாம். புல்மோட்டைக் கரையின் கரிய மணலில் இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கன் போன்ற கனிமங்கள் உள்ளன. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோவின் அளவுகோலில் பித்தளை ஏறக்குறைய 3 இல் நிற்க, இல்மனைற்று 5 க்கும் 6 க்கும் இடையில், சேர்க்கன் 7.5 இல் நிற்கின்றன. சாதாரண வெண்மணலின் படிகக்கல்லும் 7. எந்த மணலானாலும் மெருகேற்றாது, கீறும். மேலும் அது கனிம வளம், அள்ளிக்கொண்டு போகும் பொருளன்று.

மெருகுத் திரவம் சேர்க்க வேண்டுமா?

கட்டாயமில்லை. சேர்ப்பதானால் ஒரு தொட்டிக்கு ஒரு மூடியளவு போதும். திரவத்தைத் துகளில் ஊற்றி, பொருள் எதுவும் இல்லாமல் 10 அல்லது 15 நிமிடம் இயந்திரத்தை ஓட்டி, கட்டிகள் உடைந்த பிறகே பித்தளையைப் போட வேண்டும். இல்லையெனில் ஈரக்கட்டி ஒவ்வொரு துளையிலும் சிமெந்து போல் அடைந்துகொள்ளும். சிவப்பு இரும்பு ஒட்சைட்டு ஏற்றிய வால்நட் துகளும் விற்பனையாகிறது. அது நன்றாக வேலை செய்தாலும் பொருளின் மூலைகளிலும் நமது விரல்களிலும் சிவப்புத் தூளை விட்டுச் செல்லும்.

அமோனியா மணம் வீசும் பித்தளைப் பொலிஷ்களை மட்டும் உருட்டலில் சேர்க்காதீர்கள். பிரித்தானிய இந்தியாவில் மாரிக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்புவிட்டன. சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், கூட்டை இழுத்து வடிவமைத்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே அதற்குக் காரணம் என்பது 1921 இல்தான் விளக்கப்பட்டது. கையால் பூசி உடனே துடைத்துவிடும்போது அந்த ஆபத்து சிறிது. மூடிய தொட்டிக்குள், மணிக்கணக்காக, ஒவ்வொரு வளைவிலும் ஊறவிடுவது வேறு விடயம். தகட்டை அடித்தோ வளைத்தோ செய்த மணிகள், கிண்ணங்கள், குழாய்கள் அனைத்திலும் அதே இறுக்கம் உண்டு. அமோனியா இல்லாத கார் மெருகுத் திரவம் போதுமானது.

வாடைக்காற்று மாதங்களில் துகள் ஏன் வேலை செய்வதில்லை?

ஈரம் ஏறியதால். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும் காலத்தில் திறந்து வைத்த சோளப் பொத்தித் துகள் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சி, பாரமாகி, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். அப்போது அது உருளாமல் ஒரே கட்டியாகச் சுற்றும். பித்தளையில் கருமையான புள்ளிகளும் விழும்.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு பிடி துகளைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு இறுக மூடி வெயிலில் வையுங்கள். சிறிது நேரத்தில் உட்சுவரில் நீர்த்துளி படிந்தால் துகள் இன்னும் காயவில்லை. கச்சான் காற்று எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சாக்கில் பரப்பி ஒரு பகல் காயவைத்து, பிஸ்கட் தகரத்திலோ மூடியுள்ள வாளியிலோ அடைத்து வைத்தால் மாரி முழுவதும் சமாளிக்கலாம். காயவைக்கும்போது துகள் காற்றில் பறந்துவிடும் என்பதால் மேலே ஒரு மெல்லிய சீலையைப் போர்த்துங்கள்.

எவ்வளவு துகள், எவ்வளவு நேரம்?

பொருட்களின் கன அளவைப் போல் குறைந்தது இரு மடங்கு துகள் வேண்டும். பொருட்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டால் துகள் போதாது. அதிரும் தொட்டியில் சாதாரணக் கறுப்புக்கு 1 முதல் 4 மணி நேரம் வரை செல்லும். இடையில் நிறுத்தி ஒன்றை எடுத்துத் துடைத்துப் பாருங்கள்.

இயந்திரம் எத்தகையதாக இருக்க வேண்டும்?

அதிரும் கிண்ணம் விரைவானது, இரைச்சலானது. சுழலும் பெட்டி மெதுவானது, பட்டறையில் தாமாகவே செய்துகொள்ளக் கூடியது. சுழலும் பெட்டியை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. வேகமும் மிகக் கூடாது. 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பெட்டி நிமிடத்துக்கு ஏறக்குறைய 85 சுற்றுகளை எட்டினால் உள்ளிருப்பவை சுவரோடு ஒட்டிக்கொண்டு சுழலும், உராய்வு நின்றுவிடும். அதன் பாதி வேகமே நல்லது.

வெளிநாட்டில் உள்ள உறவினர் அனுப்பும் அமெரிக்க இயந்திரங்கள் 120 வோல்ட், 60 ஹேர்ட்சுக்கு உரியவை. நமது 230 வோல்ட் மின்னை மின்மாற்றி (transformer) கொண்டு குறைக்கலாம். 50 ஹேர்ட்சை அது மாற்றாது. அதனால் மோட்டர் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும், கூடுதலாகச் சூடேறவும் கூடும். கையைத் தொட்டு வைக்க முடியாத அளவுக்குச் சூடேறினால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

எவற்றைத் தொட்டியில் போடவே கூடாது?

படகு மோட்டரின் காபுரேற்றர் ஜெற்றுகளும் பெற்றோமக்ஸ் விளக்கின் நிப்பிளும் முதலாவது. அவற்றின் நுண்துளை அளந்து துளைக்கப்பட்டது. ஒரு துகள் அடைத்தாலோ துளை தேய்ந்தாலோ பொருள் வீண். முலாம் பூசியவை, அரக்குப் பூச்சுள்ளவை, கல் பதித்தவை ஆகியவற்றையும் விலக்குங்கள். காந்தத்தை அருகில் கொண்டு சென்றால் ஒட்டும் "பித்தளைக்" கீல், முலாமிட்ட இரும்பு. கோயில் விக்கிரகங்களையும் பழமையான பொருட்களையும் இந்த முறைக்கு உட்படுத்த வேண்டாம். அவற்றின் மேலுள்ள படலமே அவற்றின் வயதுக்குச் சான்று. சமையல் பாத்திரங்களுக்கும் இது உகந்ததன்று.

கண்டெடுத்த வெற்றுத் தோட்டாக்களைச் சுத்தம் செய்து தருவீர்களா?

மாட்டோம். இலங்கையில் துப்பாக்கிகளும் வெடிபொருட்களும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்கும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் உட்பட்டவை. அதைவிட, காணியைத் துப்புரவாக்கும்போது அகப்படுவது வெற்றுக் கூடா, வெடிக்காத தோட்டாவா என்பதைக் களிம்பு மூடிய நிலையில் எல்லோராலும் சொல்லிவிட முடியாது. தொடாமல், இடத்தை அடையாளமிட்டு, 119 இலக்கத்தில் பொலிசுக்கு அறிவியுங்கள்.

தூசு உடலுக்குக் கெடுதியா?

ஆம். எளிதாகக் கடைவதற்காகச் சில பித்தளைகளில் 3 சதவீதம் அளவுக்கு ஈயம் சேர்க்கப்படுகிறது; பழைய படகுப் பொருட்களில் ஒட்டியிருக்கும் வர்ணத்திலும் ஈயம் இருக்கலாம். உரசி எடுத்த எல்லாம் துகளின் தூசில்தான் தங்கும். மூடியைப் போட்டே ஓட்டுங்கள். அரிதட்டில் கொட்டிப் பிரிப்பதைத் திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, நல்ல முகக்கவசத்தோடு செய்யுங்கள். சமையலறை அரிதட்டை இதற்கு எடுக்கக் கூடாது. வால்நட் போன்ற கொட்டைப் பருப்புகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் வால்நட் துகளைத் தவிர்ப்பது நல்லது. தூசைக் குறைக்க, பழைய பருத்திச் சீலையைச் சிறு கீற்றுகளாகக் கிழித்துத் துகளோடு போட்டு ஓட்டலாம். அவை கறுத்து வந்ததும் மாற்றுங்கள். குழந்தைகள் அருகில் இருக்க வேண்டாம்.

மெருகு எவ்வளவு காலம் நிற்கும்?

கடற்காற்றில் அதிக காலம் நிற்காது. விரல் வியர்வையே முதல் கறையை உண்டாக்கும் என்பதால், தொட்டியிலிருந்து எடுப்பதிலிருந்தே பருத்திக் கையுறை அணிந்து, மெழுகுப் பொலிஷை மெல்லியதாகப் பூசித் துணியால் தேய்த்துவிடுங்கள். தினமும் எண்ணெய் படும் விளக்குக்கு மெழுகு தேவையில்லை.

பழைய துகளை எப்போது, எங்கே வீசுவது?

முன்பு இரண்டு மணி நேரத்தில் முடிந்த வேலை இழுபடத் தொடங்கி, பொருள் கறுப்புத் தூள் பூசி வெளிவந்தால் துகளின் காலம் முடிந்தது. கழுவிக் காயவைத்துப் புதுப்பிக்க முயல்வது பயனற்றது. உறிஞ்சிய அழுக்கு போகாது, ஈரம் மட்டும் சேரும். ஈயமும் செம்பும் கலந்த அந்தத் தூளை வாழைக்கு எருவாகப் போடவோ, அடுப்பில் எரிக்கவோ, கடலில் கொட்டவோ கூடாது. தடித்த பையில் இறுகக் கட்டி, உள்ளூராட்சிக் கழிவு சேகரிப்பவர்களிடம் உள்ளே இருப்பது என்னவென்று சொல்லிக் கொடுங்கள்.